இடப்பக்கத்தில் நின்றவர்கள்

பெரியண்ணியின் முகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. முழுதாக வரைந்து முடித்ததாகத்தான் நினைத்தேன். கீழே கையெழுத்துப் போட்டு, போனில் படம் பிடித்து, எங்கள் பேஸ்புக் குழுவிலும் ஏற்றிவிட்டேன். பின்னேரத்துக்குள் பலர் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஒரு விதவையின் வாழ்க்கை பாதி இருளில் போனதைக் காட்டத்தான் முகத்தின் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன் என்று ஒருவர் விளக்கமே கொடுத்திருந்தார். அவர் வேறு யாருடைய படத்தையோ பார்த்துவிட்டு எழுதுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

குழுவில் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியண்ணி வருவது உப்பளம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கதையில். நாவலாக வந்து எத்தனையோ பேர் வாசித்துத் தேய்ந்த பிறகு கறுப்பு வெள்ளையில் சினிமாப் படமாக வந்தது. எங்கள் குழுவில் இருப்பவர்கள் அந்தப் படத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். நான் அதில் வரும் மனிதர்களைப் பென்சிலால் வரைவேன். வெள்ளைச் சேலையில் வீட்டையே ஆளும் பெரியண்ணி, நீண்ட கோட்டும் தலைப்பாகையும் போட்ட கணக்கப்பிள்ளை, வந்த நாளிலிருந்து கதவுக்குப் பின்னால் நிற்கும் சின்ன மருமகள், மழையிலும் குடையை விரிக்காமல் திரியும் கடைசி மகன். பகலில் பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வேலை முடிந்து வெள்ளவத்தையில் உள்ள வீட்டுக்கு வந்து, சமையலை ஒதுக்கிவிட்டு வரைய உட்கார்ந்தால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

குழுவில் இருப்பவர்கள் நான் ஏன் திடீரென்று நிறுத்தினேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வந்ததுபோல வேறு யாருக்காவது வந்து, வெளியே சொல்லப் பயந்துகொண்டிருந்தால் அவர்களுக்காகவும்.

எனக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தது என் கணவர் நடேசன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழும்பப் போனபோது மீனை ஏன் விட்டீர் என்று கேட்டார். தட்டில் மீன் வைக்கவே இல்லை என்றேன். அவர் என் தட்டை அரைவட்டம் திருப்பினார். பாதித் தட்டுச் சோறும் பொரித்த மீனும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்து என் முன்னால் நின்றன. அவர் எழும்பிப் போய் மேசையில் கிடந்த பெரியண்ணியின் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"ரீட்டா, உடுப்பை மாத்தும். ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றார். தலையிடியோ மயக்கமோ இல்லாமல் எதற்கு ஆஸ்பத்திரி என்று நான் வாதாடினேன். அவர் ஏற்கெனவே த்ரீவீலருக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டொக்டர் எங்களுடன் தமிழில் கதைத்தார். இளம் பெண். நாற்பது வயது தாண்டிய எனக்கு மகளாக இருக்கலாம். ஒரு தாளைத் தந்து மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார். படம் வரைபவளிடம் இதைக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. வட்டம் போட்டு, இலக்கங்கள் எழுதி நீட்டினேன். டொக்டர் அதை நடேசனிடம் காட்டினார். நடேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு இலக்கங்களும் வட்டத்தின் வலது பாதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நல்ல மணிக்கூடாகத்தான் தெரிந்தது.

ஸ்கான் எடுக்கக் காத்திருந்த நீண்ட நடைபாதையில் நடேசன் என் வலது பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார். இடது பக்கம் இருந்தால் நான் அவரைத் தேடுகிறேன் என்பதை அவராகவே பிடித்துவிட்டார். குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் விஷயம் தெரிந்தது. மூளையின் பின்பக்கத்தில், வலதுபுறத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டுவிட்டது. பக்கவாதம்தான், ஆனால் கை கால் இழுக்காத வகை. கண்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார் டொக்டர். அவை அனுப்புவதை வாங்கிப் படமாக்கும் இடத்தில்தான் பழுது. அதனால் எந்தக் கண்ணால் பார்த்தாலும் உலகத்தின் இடது பாதி எனக்கு இல்லை. அங்கே ஒரு பாதி இருக்கிறது என்ற நினைவும் குறைந்துவிட்டது. முகங்களை அடையாளம் காணும் இடமும் அதற்குப் பக்கத்தில்தான் இருப்பதால், தெரிந்தவர்களே கொஞ்ச நாள் அந்நியமாகத் தெரியலாம் என்றும் சொன்னார். அது உண்மை. நடேசனையே அவர் நடையிலும் குரலிலும்தான் நான் கண்டுகொண்டேன். அடைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். துடிப்பு அவ்வப்போது தாளம் தப்புகிறதாம். இரத்தம் கட்டியாகாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள்.

நாலு கட்டில் போட்ட அறையில் என்னை விட்டார்கள். எனக்கு வலது பக்கத்துக் கட்டிலில் நயீமா என்று ஒரு முஸ்லிம் பெண்மணி, சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் காலில் புண்ணாகி வந்து நாட்கணக்காகப் படுத்திருந்தார். இடது பக்கத்தில் யன்னல் என்று சொன்னார்கள். எனக்கு அங்கே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாத அந்த இடத்தில்தான் கணக்கப்பிள்ளை வந்து நின்றார்.

பகல். பதினொரு மணித் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோப்பையை உதட்டில் வைத்தபோது இடப்பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. நீண்ட கோட்டின் பொத்தான்கள், தலைப்பாகையின் மடிப்புகள், கோட்டுப் பையில் செருகிய பேனா, எல்லாம் நிஜத்தில் ஒரு மனிதன் பக்கத்தில் நின்றால் தெரிவதைவிடத் தெளிவாக இருந்தன. நான் தலையைத் திருப்பினேன். அவரும் அதே அளவு விலகிக்கொண்டார். எத்தனை திருப்பினாலும் அவர் இடப்பக்கத்திலேயே நின்றார். பிறகு இல்லாமல் போனார்.

மறுநாள் சின்ன மருமகள் வந்தாள். பிறகு குடையோடு கடைசி மகன். ஒரு பின்னேரம் மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள். உடுப்புகள் எல்லாம் படத்தில் உள்ளவை. எத்தனையோ தரம் வரைந்த உடுப்புகள். ஒவ்வொரு மடிப்பும் என் கைக்குத் தெரியும். முகங்கள்தான் எனக்குத் தெரியாதவை. படத்தில் நடித்தவர்களின் முகங்களும் இல்லை, நான் வரைந்தவையும் இல்லை. கண்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக, பற்கள் நெருக்கமாக, யாரோ என்னைக் கேட்காமல் என் படங்களை எடுத்து முகத்தை மட்டும் அழித்து வேறு வரைந்ததுபோல. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒன்றும் கதைக்கவில்லை. எதற்கோ முறை வரும்வரை காத்திருப்பவர்கள்போல நின்றார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அது கார்த்திகை மாதம், இறந்த ஆன்மாக்களுக்காகச் செபிக்கிற மாதம். இவர்கள் என்னைக் கூட்டிப்போக வந்தவர்கள் என்று ஒரு பக்கம் பயம். மூளை பிசகிவிட்டது, இனி வேலைக்கும் கூப்பிடமாட்டார்கள், வீட்டில் தனியே இருக்கவும் விடமாட்டார்கள் என்று மறுபக்கம் பயம். நடேசன் வந்தால் சிரித்துப் பேசினேன். அவருக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை நின்றாலும் சிரித்துப் பேசினேன். பார்க்காமல் விட்டால் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே ஒரு பழக்கம் செய்துகொண்டேன். இடப்பக்கம் யாராவது தெரிந்தால் உடனே முகத்தை நயீமாவின் பக்கம் திருப்பிவிடுவேன்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலோமினா அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த நாவலை எனக்கு முதலில் வாசித்துக் காட்டியவர் அவர்தான். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் அவரும் நடேசனும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில்தான் நடேசனை நான் சந்தித்தேன். நடேசன் சைவம். மாதா கோவிலில் திருமணம் செய்யாமல் பதிவுத் திருமணம் செய்தோம். அக்கா அதற்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் பல வருடங்களாக அவர் இங்கே வந்ததுமில்லை, நான் அங்கே போனதுமில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் திரும்ப வரையச் சொன்னாள். தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டினாள். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பு, பட்ட பிறகுதான் பென்சிலை வை என்றாள். அது சுலபமான வேலை இல்லை. சிவப்பைத் தேடித் தேடிக் கழுத்து நொந்தது. ஆனாலும் மெல்ல மெல்லத் தாளின் மறுபாதி எனக்குத் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது.

அப்படி வரைந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், சிவப்பைத் தேடித் தலையைத் திருப்பியபோது பெரியண்ணி வந்து நின்றார்.

இத்தனை நாளும் அவர் மட்டும் வரவில்லை. வெள்ளைச் சேலை. நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தார். கையில் ஒரு பை. மெலிந்த, கன்னம் ஒட்டிய முகம். மற்றவர்களின் முகங்களைப்போல இதுவும் எனக்குத் தெரியாத முகம். ஆனால் மற்றவர்கள் என்னைப் பார்த்ததில்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. அப்போது அவர் வாய் திறந்தார்.

"ரீட்டா," என்றார்.

கதைக்கத் தொடங்கிவிட்டார்கள், இனி விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையில் இருந்த பென்சிலை அவரை நோக்கி நீட்டினேன், அது ஏதோ ஆயுதம்போல.

"போ," என்றேன். "நீ இல்லை. போ."

முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடி, தெரிந்த செபங்களை எல்லாம் வரிசையில்லாமல் சொன்னேன். கண் திறந்தபோது இடப்பக்கம் காலியாக இருந்தது. பிறகு அவரை வரைந்தேன். ஏன் வரைந்தேன் என்று எனக்குத் தெரியாது. தாளில் பிடித்துவைத்தால் திரும்ப வரமாட்டார் என்று நினைத்தேனோ என்னவோ. சிவப்பு டேப்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பி, நோய் வந்த பிறகு முதன்முதலாக ஒரு முகத்தை முழுதாக வரைந்து முடித்தேன்.

வேலை முடிந்து வந்த நடேசன் கட்டிலில் கிடந்த தாளை எடுத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எப்ப வந்தவ?" என்று கேட்டார்.

எந்த அக்கா என்று கேட்டேன்.

"இது பிலோமினா எல்லோ. வயசு போயிட்டுது, தலை நரைச்சிட்டுது. ஆனா ஆள் அவதான். அந்த நெத்தித் தழும்பை நான் எத்தினை வருசம் முன்னுக்கு இருந்து பார்த்தனான்."

தாளை வாங்கிப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு பிறை. நானே வரைந்திருந்தேன். அக்கா சிறுவயதில் கிணற்றடியில் விழுந்தபோது வந்த தழும்பு அது. முகம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. தழும்பு மட்டும்தான் அடையாளம் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த நினைப்பைச் சொல்லவே கூசுகிறது. வந்தவர்கள் எல்லாரும் இல்லாதவர்கள். அவர்களோடு அக்காவும் வந்திருக்கிறார் என்றால், அக்கா இப்போது இல்லை. வெள்ளைச் சேலையில் என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். நான் அழத் தொடங்கினேன். நாட்கணக்காக அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் அழுதுகொண்டே நடேசனிடம் கொட்டினேன். கணக்கப்பிள்ளை, குடைக்காரன், கதவுக்குப் பின்னால் நிற்பவள், எல்லாரையும். அவர் என் கையை விடாமல், மற்றக் கையால் அக்காவின் பழைய நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தார். திரும்பவும் மணி மட்டும். அவர் முகமும் வெளுத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

நயீமா அப்போதுதான் தொழுகை முடித்துக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் அழுறீங்க? ஒங்கட தாத்தா வந்திட்டுப் போனத்துக்கா?" என்று கேட்டார்.

எங்கள் தாத்தா செத்து எத்தனையோ காலம். நடேசனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முஸ்லிம்களின் பேச்சில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள் என்பது நடேசனுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது.

"வெள்ளச் சாரி கட்டினவவா?" என்று நயீமாவிடம் கேட்டார்.

"அவதான். இவங்க போகச் சொன்னதும் வெளிய போட்டிருக்கிற வாங்குல போய்க் குந்தி அழுதா. நான் நேர்ஸ் மிஸ்ஸிட்ட சொல்லித் தண்ணி குடுக்கச் சொன்ன. தங்கச்சிக்குத் தன்ன புடிக்கல்ல எண்டு சொல்லிட்டுப் போனா."

அக்கா உயிரோடு இருக்கிறார் என்ற ஆறுதல் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில் என்ன செய்துவிட்டேன் என்பது புரிந்தது.

மறுநாள் காலையில் டொக்டரிடம் நடேசன் சொன்னார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தேன். டொக்டர் கதிரையை இழுத்து, நான் பார்க்கக்கூடிய பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். இது பைத்தியமில்லை என்பதை முதலில் சொன்னார். பார்வை போன இடத்துக்கு வெளியிலிருந்து ஒன்றும் வராதபோது மூளை அதை வெறுமையாக விடுவதில்லை, தன்னிடம் இருக்கிறதை எடுத்து அங்கே போடும். பலருக்கு இப்படி வருகிறது, பழைய காலத்து உடுப்புப் போட்ட ஆட்களைக் காண்பவர்கள்கூட உண்டு, முக்கால்வாசிப் பேர் என்னைப்போலவே வெளியில் சொல்வதில்லை. மூளை புதிய நிலைமைக்குப் பழகப் பழகக் குறையும். வந்தால் கண்ணை இமையுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள், எட்டித் தொட்டுப் பாருங்கள் என்றார். பிறகு எழும்பும்போது சொன்னார்:

"அவை பெரும்பாலும் கதைக்கிறதில்லை, அன்ரி. கதைச்சதெண்டா அது நிஜ ஆள்."

அக்கா போனை எடுக்கவே இல்லை. நடேசன் தானே போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான்தான் போக வேண்டும் என்றேன்.

வீட்டுக்கு விட்ட பிறகும் உடனே போக முடியவில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழக வேண்டியிருந்தது. காலி நகருக்குப் போகும் காலி வீதியைக் கடக்க நடேசனின் கை வேண்டியிருந்தது. இடமிருந்து வரும் பஸ் எனக்குச் சத்தமாக மட்டும்தான் இருந்தது. பல் வைத்தியர் என் மேசையைச் சுவரோரமாக மாற்றிப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார், வருபவர்கள் எல்லாரும் வலப்பக்கத்தால் வரட்டும் என்று. கணக்கப்பிள்ளை இன்னும் வந்தார். கையை நீட்டித் தொடப் போவேன். காற்றுத்தான் இருக்கும். தொட்டதும் போய்விடுவார். பயம் முழுதாகப் போகவில்லை. பெயர் தெரிந்த பயமாக மாறியது, அவ்வளவுதான்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்னால் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். நடேசன் சந்தியிலேயே நின்றுகொண்டார். பழைய வீட்டின் மேல்மாடிக்கு நான் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அக்கா கதவைத் திறந்தார். இந்தத் தடவையும் முகம் உடனே பிடிபடவில்லை. தழும்பைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான், "அக்கா," என்றேன்.

அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை.

"என்னைக் கண்டனிதானே. கண்டுதான் போகச் சொன்னனி," என்றார்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாதி முகம், மீன், மணிக்கூடு, கணக்கப்பிள்ளை, பெரியண்ணி. சொல்லும்போது எனக்கே அது நம்பக்கூடிய கதையாகத் தெரியவில்லை. பையில் கொண்டுவந்த தாளை நீட்டினேன். அக்கா அதை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"நான் இவ்வளவு கிழவியா?" என்று கேட்டார். பிறகு கதவை விட்டு விலகி வழிவிட்டார்.

உள்ளே போய் மேசையருகே உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடியே, முகம் காட்டாமல், கதைத்தார். குழுவில் தன் பெயரைப் போடாமல் என் படங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பெரியண்ணியின் பாதி முகம் வந்தபோதே, இவள் ஒருநாளும் ஒரு முகத்தை இப்படி விடமாட்டாளே என்று மனம் கேட்கவில்லையாம். பிறகு நடேசன் என் போனிலிருந்து, நான் ஆஸ்பத்திரியில் என்று மட்டும் குழுவில் எழுதியதைப் பார்த்துவிட்டு, மாதா கோவில் பூசை முடிந்த கையோடு அதே வெள்ளைச் சேலையில் புறப்பட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போன பிறகு பழைய நம்பருக்கு வந்த அழைப்பு ஒன்றையும் வேண்டுமென்றே எடுக்கவில்லையாம். திரும்ப ஒருமுறை போ என்பதைக் காதால் கேட்கத் தன்னால் ஏலாது என்றார்.

தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு வந்தவர் என் முன்னால் நின்றார்.

"இப்பவும் வருகினமா அவை?"

"எப்பவாவது."

"எந்தப் பக்கம்?"

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அக்கா கோப்பைகளை வைத்துவிட்டு, கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். நான் பார்க்க முடியாத இடத்துக்குள் அவர் போனதும் எனக்கு இல்லாமல் போனார். கதிரைக் கால்கள் நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"நான் இதில இருக்கிறன். இனி ஆர் வந்து நிக்கிறதெண்டு பாப்பம்."

திரும்பிப் பார்க்கவில்லை. சீனியைக் கலக்கும் கரண்டி கோப்பையில் படும் சத்தம், என் தோளில் படாமல் பட்ட சேலையின் சூடு. நான் என் தேத்தண்ணீரைக் குடித்தேன்.